ஏழு நாள் அவகாசம்

குழாயைத் திறந்தால் முதலில் காற்றுதான் வரும். தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம், நீளமாக ஒரு ஸ்ஸ், இரண்டு துப்பல். அப்புறம்தான் தண்ணீர். எர்ணாகுளத்தில் என் வாடகை வீட்டுக் குழாய் இன்று காலை அப்படிச் செருமியது. பிரஷ்ஷும் கையுமாக நின்றவன் சட்டென்று குனிந்து மூக்கை நீட்டினேன். தண்ணீரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் மூக்கால் பார்க்கிற பழக்கம் எனக்கு மட்டாஞ்சேரியில், ராத்தாவின் அடுக்களையில் வந்தது.

ராத்தா என் அக்கா. தென்காசிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். சுக்கும் மிளகும் விற்று அங்கேயே வேரூன்றிவிட்ட, வீட்டுக்குள் தமிழ் பேசுகிற குடும்பம் அது. மச்சான் மறைந்த பிறகு அவள் யாரிடமும் போய் நிற்கவில்லை. விடியற்காலையில் இடியாப்பம் பிழிந்து மூன்று சாயாக்கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். இரண்டு ஆள் கைகோத்து நடக்க முடியாத சந்து, அதன் கடைசி வீடு, சுவரில் ஒரு குழாய். அந்தக் குழாயில்தான் அவள் பிழைப்பு ஓடியது.

அவள் வந்து இரண்டு வருஷம் கழித்து நானும் பின்னாலேயே வந்தேன். ஒரு அச்சகத்தில் தமிழ் புரூஃப் பார்க்கிற வேலை. பிழை பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன் நாளடைவில் எல்லாவற்றிலும் பிழை பார்ப்பான். கல்யாணப் பத்திரிகையில், மருந்துச் சீட்டில், எதிரே வருகிறவனின் சிரிப்பில். முக்கியமாகச் சிரிப்பில்.

ராத்தாவுக்குக் கடைத்தெரு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. மீன்காரனை அழவைப்பாள். அதன் எழுத்து மட்டும் தெரியாது. ஆபீஸ் மலையாளமும் தெரியாது. பேருந்துப் பலகைகளைப் பார்த்துப் பார்த்தே நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அவளுக்கு வேண்டிய காகிதங்களை நான் வாசித்துச் சொல்வேன். அந்த ஏற்பாட்டில் எங்களுக்குள் ஒரு விளையாட்டும் வளர்ந்தது. ஒரே மாதிரி ஒலித்து, அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாகப் பொருள் தருகிற சொற்களைப் பொறுக்குவது. அவர்களுக்கு வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர், நமக்கு ஊரை அடித்துக்கொண்டு போவது. "ராத்தா, நாளைக்குக் காலைல வெள்ளம் வருமாம், போர்டு போட்டிருக்கான், சட்டிபானையை எல்லாம் பரண்ல ஏத்து" என்பேன். அவள் ஒரு கணம் திகைப்பாள். உடனே நான், "சட்டை ஒண்ணு, ஆள் வேற" என்று சொல்லி முடித்துவைக்க வேண்டும். அதுதான் விதி. அந்த வாக்கியம் வந்தால் விளையாட்டு முடிந்தது, சொன்னது வேடிக்கை, உண்மையான பொருள் இது. அந்த வாக்கியத்தை நான் ஒரே ஒரு முறைதான் விழுங்கினேன்.

அந்தச் சந்தின் ஓரத்துச் சாக்கடை ஓடையைத் தோண்டி மூடிவிட்டுப் போனார்கள். அதற்கு அடுத்த வாரம் குழாய் செருமிய செருமலில் ஒரு வாடை வந்தது. கலங்கல் இல்லை. கண்ணாடி டம்ளரில் பிடித்தால் பளிங்கு. ஆனால் மூக்கை வைத்தால் ஓடை. கொதிக்கவைத்தாலும் போகவில்லை, மாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அக்காவை அங்கே இத்தா என்பார்கள். முதல் கடைக்காரர் ராத்தாவிடம் தன்மையாகத்தான் சொன்னார்: "இத்தா, இடியாப்பத்தினு ஒரு மணம்."

"மணம்னு சொல்றாரு" என்று அவள் என்னிடம் சொன்னபோது உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. "இந்த ஊருக்கு வந்த புதுசுல கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன்டா. இங்க மணம்னா நாத்தமும்தானே."

மறுநாள் அந்தக் கடை பாதியாகக் குறைத்தது. அதற்கு மறுநாள் வேண்டாம் என்றது.

அவளும் நானும் குடிநீர் அலுவலகத்துக்குப் போனோம். நான் மனதில் வைத்திருந்த அலுவலகம் அங்கே இல்லை. தூசிபடிந்த கட்டுகளும் முகம் திருப்பும் குமாஸ்தாவும் இருந்தால் எனக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். இங்கே டோக்கன் இயந்திரம், வரிசையாக நாற்காலிகள், குளிர்ந்த காற்று. சுவரில் ஒரு நீர்த்துளி வரைந்து அதற்குக் கண்ணும் வாயும் வைத்திருந்தார்கள். துளி சிரித்தது. மேசைக்குப் பின்னாலிருந்த பெண்ணும் சிரித்தாள். இத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்றால் உள்ளே எதையோ மறைக்கிறார்கள்.

நுழைவாயிலில் புதிதாக ஒரு பெரிய பலகை. நீலத்தில் வெள்ளை எழுத்து. மேலே 'பௌராவகாச ரேக'. கீழே, எந்த வேலை எத்தனை நாளில் முடியும் என்று பட்டியல்.

"என்னடா எழுதிருக்கு?" என்றாள் ராத்தா.

அவகாசம் என்ற சொல் அவர்களுக்கு உரிமை. பலகை சொன்னது குடிமக்களின் உரிமைப் பட்டியல். எனக்கு அது தெரியும், நன்றாகவே தெரியும். ஆனால் அந்தத் துளியின் சிரிப்பு எனக்குள் எதையோ கிளறிவிட்டிருந்தது.

"அவகாசம் கேட்டிருக்காங்க ராத்தா. குழாய்ல அழுக்குத் தண்ணி வந்தா ஏழு நாள் அவகாசம் வேணுமாம். நம்மகிட்ட கெஞ்சிக் கேட்டு, எழுதியே மாட்டிட்டாங்க."

அவள் அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்தாள். வாசிக்கத் தெரியாதவர்கள் எழுத்தைப் பார்க்கிற மரியாதையோடு பார்த்தாள். சட்டை ஒண்ணு என்று நான் வாயைத் திறக்கும்போது எங்கள் டோக்கன் எண்ணை ஒலிபெருக்கி கூப்பிட்டது. எழுந்து ஓடினோம். மனுவைக் கொடுத்தோம். ரசீது கொடுத்தார்கள். என் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார்கள். சிரித்தார்கள். மிச்சம் இருந்த பாதி வாக்கியம் என் வாயிலேயே கரைந்துவிட்டது. அது அவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தோன்றவில்லை.

ஏழு நாள் போயிற்று. எட்டாம் நாள் என் கைபேசிக்கு ஒரு செய்தி: உங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? நான் படகுத்துறைக்கு ஓடி, காயலைத் தாண்டி மட்டாஞ்சேரி வந்து, சந்துக்குள் நுழைந்து குழாயைத் திறந்தேன். செருமல், ஸ்ஸ், துப்பல், ஓடை.

அன்று நான் நேரே அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏன் என்று பல முறை என்னையே கேட்டிருக்கிறேன். என் சந்தேகம் சரியென்று ஆகிவிட்டதில் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நண்பர்களிடம் போனேன். சாயா குடித்துக்கொண்டே அந்த நட்சத்திரக் கதையைச் சொன்னேன், நன்றாகச் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். வாராவாரம் ராத்தா வீட்டுக்கு வந்து, "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்பேன். அவள் பள்ளிவாசல் குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கிவந்து மாவு பிசைந்துகொண்டிருப்பாள். முழங்கால் வீங்கியிருக்கும். சுமக்கிற தண்ணீர் எவ்வளவுக்குப் போதும்? இரண்டாவது கடையும் நின்றது.

"போய் ஒரு சத்தம் போட்டா என்ன ராத்தா?"

"அவங்க கேட்டதக் குடுத்துட்டோம். குடுத்துட்டுப் பின்னாலயே போய் நின்னா நல்லாவா இருக்கும்? கொஞ்சம் கூடத்தான் ஆகட்டுமே."

அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் நினைத்தேன்.

இரண்டு மாதம் ஆனபோது ஒரு ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு வந்தது. இலாகா தன் வேலைகளை மக்களுக்கு விளக்கப் போகிறதாம், பள்ளிக்கூட ஹாலில், காலை பதினொரு மணிக்கு, எல்லோரும் வரலாம், கேள்வி கேட்கலாம். வேலை செய்யாதவன்தான் விளக்குவான் என்றேன். ராத்தா பர்தாவை எடுத்து மாட்டிக்கொண்டாள். முந்தின நாள் மூன்றாவது கடைக்காரர் சொல்லியிருந்தார்: வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன் இத்தா, அதுக்கப்புறம் தோப்பும்படியிலிருந்து வரவழைத்துக்கொள்வேன்.

ஹாலில் பழம்பொரியும் சாயாவும் கொடுத்தார்கள். அதையும் நான் சந்தேகத்தோடுதான் தின்றேன். முன்னால் வெள்ளைத் திரை. இளம்வயது இன்ஜினியர் ஒருத்தி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் மைக். திரையில் எங்கள் வார்டின் வரைபடம், அதில் பச்சைப் புள்ளிகள். தீர்த்துவைத்த புகார்கள் பச்சை, மிச்சம் சிவப்பு என்றாள். ஒரே தோட்டம். அங்கங்கே ஒன்றிரண்டு சிவப்பு, பழுத்த மிளகாய் மாதிரி. எங்கள் சந்தின் முனையிலும் ஒரு பச்சை மினுங்கியது.

நான் நாக்கைத் தீட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ராத்தா எழுந்துவிட்டாள்.

"மாடம்" என்றாள் தன் கடைத்தெரு மலையாளத்தில், ஹாலின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரலில். "நிங்ஙளுடெ அவகாசம் கழிஞ்ஞு."

உங்கள் உரிமை முடிந்துவிட்டது. அப்படித்தான் அத்தனை காதிலும் விழுந்தது. ஹால் சிரிப்பில் வெடித்தது.

"இத்தா எலெக்ஷனுக்கு நிக்குதா?" என்று பின்னாலிருந்து ஒரு ஆள். "வோட்டு நம்ம வீட்டுல அஞ்சு உண்டு, கேட்டோ!"

இன்ஜினியரும் சிரித்துவிட்டாள். "ஞங்ஙளுடெ எந்து அவகாசமா இத்தா கழிஞ்ஞது?" எங்களுடைய எந்த உரிமை முடிந்தது என்று கேட்டாள்.

ராத்தா சிரிக்கவில்லை. மலையாளம் போதாமல் தமிழுக்கு இறங்கினாள். "ஏழு நாள் கேட்டீங்களே. வாசல்ல போர்டு எழுதி மாட்டிக் கேட்டீங்களே. குடுத்தேன். அது கழிஞ்சும் பேசாம இருந்தேன், கேட்டவங்க கொஞ்சம் கூட எடுத்துக்கட்டும்னு. ரெண்டு மாசமாச்சு. மூணு கடையில ரெண்டு போச்சு. வெள்ளிக்கிழமை வந்தா மூணாவதும் போயிரும். இனிமே என்கிட்ட குடுக்க அவகாசம் இல்ல."

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பாதி தின்ற பழம்பொரியைக் கீழே வைத்தேன்.

திரைக்குப் பக்கத்தில் வயரைத் திருகிக்கொண்டிருந்த ஓவர்சியர் நிமிர்ந்தார். நரைத்த மீசை, பாலக்காட்டுத் தமிழ். "அக்கா, ஒரு நிமிஷம். அந்த போர்டுல உள்ள அவகாசம், நம்ம தமிழ் அவகாசம் இல்லை. இங்க அவகாசம்னா உரிமை. அந்த ஏழு நாள் நாங்க உங்ககிட்ட கேட்டது இல்லை அக்கா. நீங்க எங்ககிட்ட கேக்க வேண்டியது. எட்டாம் நாள் வந்து மேசையில தட்டி, எங்கடா என் வெள்ளம்னு கேக்கலாம்னு எழுதி வச்சிருக்கு."

"யாரு? நானா?"

"நீங்கதான்."

"எனக்கா எழுதிருக்கு அது?"

"உங்களுக்குத்தான் அக்கா. எங்களுக்கு என்னத்துக்கு?"

ராத்தா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். முப்பது வருஷமாகக் காகிதம் வாசித்துக் காட்டிய தம்பியைப் பார்த்தாள். கோபம் இல்லை. கணக்கில் எங்கே தப்பு என்று தேடுகிற முகம்.

"சட்டை ஒண்ணு, ஆள் வேறன்னு நீ சொல்லலையேடா."

மாட்டிக்கொண்டால் நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன், எழுந்து வேறு யார்மீதாவது பாய்ந்தேன். "அதெல்லாம் இருக்கட்டும். எங்க சந்து எப்படிப் பச்சையாச்சு? ஒரு மண்வெட்டி கூட வரலை. எனக்கு நட்சத்திரம் கேட்டுச் செய்தி மட்டும் வந்தது."

இன்ஜினியர் மடிக்கணினியில் தட்டினாள். முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. அணைந்த முகம்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தந்தது. தோண்ட வேண்டிய தரை வேறொரு இலாகாவினுடையது, மனுவை அவர்களுக்கு அனுப்பியிருக்கிறோம், அனுப்பிவிட்டால் எங்கள் கணினியில் அது தீர்ந்ததாகப் பச்சையாகிவிடும் என்றாள்.

"அது தீர்த்தது இல்லையே, கைமாத்தினது" என்றேன்.

"சரியாணு" என்றாள். சரிதான். மைக்கிலேயே சொன்னாள். "அது தெற்றாணு." அது தவறுதான்.

இவ்வளவு சுலபமாகத் தவறை ஒப்புக்கொள்கிறவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. இதுவும் ஏதோ பயிற்சியில் சொல்லிக்கொடுத்த உத்தியாக இருக்கும் என்றுதான் மனம் ஓடியது. இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தேன். ராத்தா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உட்காரு. நீ பேசினது போதும்."

இன்ஜினியர் ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் எங்கள் சந்தின் பச்சை மறைந்து சிவப்பு வந்தது. அத்தனை பச்சைக்கு நடுவே புதிதாக ஒரு சிவப்பு. ஹாலில் யாரோ கைதட்டினார்கள், கேலியாகவா நிஜமாகவா தெரியவில்லை.

"அது என் வீடா?" என்று ராத்தா ஓவர்சியரைக் கேட்டாள்.

"உங்க வீடுதான் அக்கா."

அவள் உட்கார்ந்து அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரமும் இல்லாத ஒரு தெளிவு அவள் முகத்துக்கு வந்திருந்தது. பொய்யாகப் பச்சையாக இருப்பதைவிட மெய்யாகச் சிவப்பாக இருப்பது அவளுக்குப் போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. மற்ற பச்சைகளை எண்ணத் தொடங்கினேன். அவற்றில் எத்தனை கைமாற்றல்?

வியாழக்கிழமை ஆட்கள் வந்தார்கள். நம்பாமல் நான் லீவு போட்டுவிட்டு வந்து சந்தில் நின்றேன். தோண்டுகிறவர்களின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "சேட்டா, வெளிச்சத்தை மறைக்காதீங்க" என்று ஒருவர் இரண்டு முறை சொன்னார். ஓடைக்குள்ளேயே கிடந்தது எங்கள் குழாய், இத்துப்போய். விரல் நுழைகிற ஓட்டை. அதில் யாரோ எப்போதோ ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி, சணலால் கட்டியிருந்தார்கள். சணல் முடிச்சு மட்டும் அழகாக இருந்தது. ஓவர்சியர் அதைத் தூக்கி எனக்குக் காட்டினார். "இது யாரோட வேலைன்னு கேக்காதீங்க சார். எங்க ஆளாத்தான் இருக்கும்."

புதுக் குழாயை ஓடையைவிட்டு விலக்கி, சுவரோரமாகக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் திறந்தார்கள். செருமல். ஸ்ஸ். துப்பல். நான் ஒரு பாட்டிலில் பிடித்து மூடி வைத்துக்கொண்டேன், எர்ணாகுளத்தில் தெரிந்தவர் ஒருவர் மூலம் பரிசோதிக்கலாம் என்று. ராத்தா என்னுடைய பாட்டிலை லட்சியம் செய்யவில்லை. உள்ளே போய் மாவு பிசைந்தாள். ஒரு தட்டு இடியாப்பத்தைச் சுடச்சுட எடுத்துக்கொண்டு மூன்றாவது கடைக்கு அவளே நடந்தாள், நான் பின்னால். கடைக்காரர் ஒரு இழையைப் பிய்த்தார். முகர்ந்தார். வாயில் போட்டார். கண்ணை மூடினார். ராத்தா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"மணமொந்நும் இல்ல" என்றார். ஒரு வாடையும் இல்லை. "நாளை முதல் பழையபடி கொண்டு வா இத்தா."

திரும்பி வந்தபோது ஓவர்சியர் சந்து முனையில் வண்டியை உதைக்கத் தயாராக இருந்தார். என்ன செய்தோம் என்று வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம், இப்போது அது வழக்கமாம். அச்சடித்த தாள் மலையாளத்தில் இருந்தது. அதைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் தமிழில் எழுதியிருந்தார். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவரின் தமிழ். எழுத்துகள் உருண்டு உருண்டு மலையாளமாகத் தெரிந்தன. எங்கே தோண்டினோம், என்ன மாற்றினோம், மறுபடி வாடை வந்தால் எந்த மேசைக்கு வர வேண்டும். கடைசி வரி: ஏழு நாளில் கேட்பது உங்கள் உறிமை.

வல்லின ற. என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. சிவப்புப் பேனா எப்போதும் அங்கேதான் இருக்கும். மூடியைக் கழற்றிக்கூட விட்டேன்.

ராத்தா தாளை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"அதுல பிழை இருக்கு ராத்தா. ஒரு எழுத்துத்தான்."

"இருக்கட்டும். அவர் எழுதினதுல ஒரு எழுத்துத்தான் தப்பு."

ஓவர்சியர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார். ராத்தா தாளை நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு படகுத்துறை வரைக்கும் என்னோடு வந்தாள். வழியெல்லாம் நான் பேசினேன். புதுக் குழாய் எத்தனை மழை தாங்கும், மற்ற பச்சைப் புள்ளிகள், அந்த இன்ஜினியரை எத்தனை நாள் இங்கே விட்டுவைப்பார்கள். அவள் உம் கொட்டினாள். தண்ணீர்மேல் டீசல் வாசனை. மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் பழக்கம் இல்லை. பாட்டிலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

படகு வந்து இடித்து நின்றது. நான் ஏறினேன்.

"அடுத்த வாரம் வரும்போது இங்க என்னென்ன காகிதம் இருக்கோ எடுத்து வை, வாசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"வாசிக்க வேண்டாம்" என்றாள் ராத்தா. "சின்னப் புள்ளைங்க படிக்கிற மலையாளப் பாடப்புத்தகம் ஒண்ணு வாங்கிட்டு வா. வேடிக்கை எதுவும் இல்லாததாப் பாத்து வாங்கு."